சட்டமும் நாமும்: தோட்டம் கைமாறும் நாளில் உங்கள் கணக்கு என்ன?



சிடாம் கிரி என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்களில் பலர், "கிரி என்றால் மலைதானே, மலை எங்கே?" என்று கேட்பதுண்டு. மலாயில் கிரி என்றால் இடது பக்கம். வலது பக்கத்துக்குச் சிடாம் கானான் கூலிம் மாவட்டத்தில் இருக்கிறது. பெயரில் மலை இல்லாவிட்டாலும் சுற்றுப்புறமெங்கும் பால்மரமும் செம்பனையும் நம்மவர் வியர்வையில் வளர்ந்தவை. சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த இடத்தில் இன்று வீடமைப்புத் திட்டமோ தொழிற்சாலையோ நிற்கிறது. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு இந்த வேகம் இன்னும் கூடியது. நிலம் ஏக்கர் என்ன விலைக்குப் போயிற்று என்பது பத்திரிகையில் வருகிறது. பிரட்டுக் களத்தில் இருபது வருஷம் பெயர் கொடுத்தவருக்கு என்ன வரவேண்டும் என்பது மட்டும் வருவதில்லை. இந்த இதழில் அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நம் பெரியவர்களுக்குத் 'துண்டாடல்' என்ற சொல் நன்றாகத் தெரியும். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி ஆளுக்கொரு பங்காக விற்றார்கள். துண்டு வாங்கியவர் தன் குடும்பத்தாரை வைத்தே மரம் வெட்டிக்கொள்வார்; அல்லது ஒரு குத்தகைக்காரரிடம் விட்டுவிடுவார். லயத்தில் இருந்தவர்களுக்கு வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. பேராசிரியர் உங்கு அப்துல் அஸீஸ் 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை ஆராய்ந்து தனி அறிக்கையே எழுதினார். துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதனால்தான். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் முதன் முதலாக வாங்கிய தோட்டம் இதே கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம். நம் மாநிலத்துக்கு இது ஒரு பெருமை. ஆனால் எல்லாத் தோட்டத்தையும் ஒரு கூட்டுறவுச் சங்கம் வாங்கிவிட முடியுமா? முடியவில்லை.

அந்தக் காலத்தில் வேலை போனவர்களுக்கு, உழைத்த வருஷத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கேட்க ஒரு சட்ட விதி இல்லை. சங்கம் பேசி வாங்கிக் கொடுத்தால் உண்டு. துரை மனமிரங்கினால் உண்டு. அந்த விதி 1980-இல்தான் வந்தது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ், வேலை நீக்கம், வேலை நிறுத்தி வைப்பு ஆகியவற்றுக்கான பலன்களைப் பற்றிய விதிகள் அவை. ஆட்குறைப்பு என்று யார் வாயைத் திறந்தாலும் உங்கள் மனத்தில் முதலில் வரவேண்டிய ஆண்டு அந்த 1980.

இனி விஷயத்துக்கு வருவோம். தோட்டம் மூடப்பட்டாலும், விற்கப்பட்டாலும், ஆள் அதிகம் என்று குறைத்தாலும் உங்களுக்கு வரவேண்டியது ஒரே பணம் அல்ல, இரண்டு பணம். ஒன்று நோட்டீஸ் காலத்துக்கானது. மற்றொன்று நீங்கள் உழைத்த வருஷங்களுக்கானது. ஆபீசில் இரண்டையும் ஒரே கவரில் போட்டு, "இதுதான் நஷ்ட ஈடு, கையெழுத்துப் போடு" என்று நீட்டும்போது பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கவர் கனமாக இருக்கிறதே என்று பார்க்கிறோம். உள்ளே எந்தப் பணம் இருக்கிறது, எது இல்லை என்று கேட்பதில்லை.

நோட்டீஸ் எவ்வளவு? இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு நான்கு வாரம். இரண்டு வருஷம் முடித்து ஐந்து வருஷம் முடியாதவருக்கு ஆறு வாரம். ஐந்து வருஷம் முடித்தவருக்கு எட்டு வாரம். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் 'ஒரு மாத நோட்டீஸ்' என்று எழுதியிருந்தாலும் ஆட்குறைப்பு, தோட்டம் மூடுதல், உரிமையாளர் மாறுதல் போன்ற காரணங்களில் இந்தக் குறைந்தபட்ச அளவு கட்டாயம். ஒப்பந்தத்தில் இதைவிட அதிகமாக எழுதியிருந்தால் அந்த அதிகமே செல்லும்.

நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும். மண்டோர் பிரட்டில் நின்று, "அடுத்த மாசத்தோட வேலை கிடையாது" என்று உரக்கச் சொல்வது நோட்டீஸ் ஆகாது. கடிதம் கொடுத்த நாளும் கணக்கில் சேரும். மார்ச் 3-ஆம் தேதி எட்டு வார நோட்டீஸ் கையில் கிடைத்தால், ஐம்பத்தாறு நாட்கள் எண்ணி ஏப்ரல் 27-உடன் அது முடிகிறது. அதுவரை வேலை கொடுத்துச் சம்பளம் தர வேண்டும். அல்லது "இன்றே போகலாம்" என்றால் அந்த எட்டு வாரச் சம்பளத்தையும் கையில் கொடுக்க வேண்டும். கடிதம் வாங்கும்போது அதில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். இரண்டு வாரம் முன்தேதியிட்ட கடிதத்தில் பேசாமல் கையெழுத்துப் போட்டால் இரண்டு வாரச் சம்பளம் போயிற்று. வாங்கிய தேதியை உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள், தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாலும் வெட்கமில்லை.

இன்னொன்று. நோட்டீஸ் வந்த கோபத்தில், "இவன் தோட்டத்தில் இனி ஒரு மரம் வெட்ட மாட்டேன்" என்று மறுநாளே சுங்கை பட்டாணித் தொழிற்சாலைக்குப் போய்விடாதீர்கள். நோட்டீஸ் காலம் முடியும் முன் நிர்வாகத்தின் சம்மதமில்லாமல் போனால் வருஷக் கணக்குப் பணத்தையே இழக்க நேரும். வேறு வேலை கிடைத்துவிட்டால் எழுத்தில் சம்மதம் கேளுங்கள். தகுந்த காரணமில்லாமல் நிர்வாகம் அதை மறுக்கக் கூடாது.

இப்போது பெரிய பணம். அதாவது உழைத்த வருஷங்களுக்கான பலன். ஒரே முதலாளியிடம் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வேலை செய்திருந்தால் இது உண்டு. இரண்டு வருஷத்துக்குக் குறைந்தவருக்கு வருஷத்துக்குப் பத்து நாள் சம்பளம்; இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் இருப்பவருக்குப் பதினைந்து நாள்; ஐந்து வருஷமும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். ஐந்து வருஷம் தாண்டியவருக்கு முதல் வருஷத்திலிருந்தே இருபது நாள் கணக்குத்தான். முதல் இரண்டு வருஷத்துக்குப் பத்து, அடுத்ததற்குப் பதினைந்து என்று படிப்படியாகப் பிரித்துக் காட்டினால் அது தவறான கணக்கு. வருஷம் நிறையாத மாதங்களுக்கும் விகிதப்படி பணம் உண்டு.

ஒரு நாள் சம்பளம் என்றால் என்ன? மாதச் சம்பளக்காரருக்குச் சிக்கல் குறைவு. பால்மரம் வெட்டுகிறவருக்குத்தான் இதில் எல்லாம் இருக்கிறது. மழை பெய்தால் வெட்டு இல்லை. மாசி பங்குனியில் இலையுதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும்போது பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மற்ற மாதங்களில் பால் நன்றாக இறங்கி, ஒட்டுப்பாலும் சேர்ந்து கை நிறையச் சம்பளம் வரும். அப்படியிருக்க எந்த மாதத்துச் சம்பளத்தை எடுப்பது? சட்டம் இதற்குத் தெளிவாக வழி சொல்கிறது: வேலை முடியும் நாளுக்கு முந்திய பன்னிரண்டு முழு மாதங்களின் சராசரியை எடுக்க வேண்டும். நல்ல மாதமும் வேண்டும், கெட்ட மாதமும் வேண்டும். தொழிலாளர் இலாகாவின் வழக்கமான கணக்கு, அந்தப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தைக் கூட்டி 365-ஆல் வகுப்பது.

ஒரு தாயாரை எடுத்துக்கொள்வோம். பதினெட்டு வருஷம் நான்கு மாதம் மரம் வெட்டியவர். கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் அவருக்குக் கிடைத்த சம்பளம் மொத்தம் 21,900 வெள்ளி. 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 60 வெள்ளி. இருபது நாளுக்கு 1,200 வெள்ளி. இது ஒரு வருஷத்துக்கான பலன். பதினெட்டு வருஷத்துக்கு 21,600. மீதி நான்கு மாதத்துக்கு 400. ஆக 22,000 வெள்ளி. இதற்குமேல் எட்டு வார நோட்டீஸ் தனி. நோட்டீஸ் கொடுக்காமல் அன்றே நிறுத்தினால் ஏறக்குறைய 3,360 வெள்ளி அதற்கும் சேரும்.

அதே தாயாருக்கு ஆபீசில் ஒருவர், கடைசி மூன்று மாதத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் என்ன ஆகும்? அந்த மூன்று மாதமும் இலையுதிர் காலமாக இருந்து, நாளுக்கு 45 வெள்ளி என்று வந்துவிட்டது. அப்போது வருஷத்துக்கு 900. மொத்தம் 16,500 வெள்ளி. ஒரே ஒரு எண்ணை மாற்றியதால் 5,500 வெள்ளி காணாமற்போகிறது. அந்த அம்மாவுக்கு அது எத்தனை மாத உழைப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் வேண்டுமென்றே செய்யும் வஞ்சகம் எவ்வளவு, கிராணியின் அறியாமை எவ்வளவு என்று நான் சொல்ல முடியாது. எதுவானாலும் போவது நம் பணம்.

ஆகவே சம்பளச் சீட்டுகள். குறைந்தது கடைசிப் பன்னிரண்டு மாதச் சீட்டாவது வீட்டில் இருக்க வேண்டும். அரிசி டின்னில் போடுவீர்களோ, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகுவீர்களோ, அது உங்கள் சௌகரியம். சீட்டில் வேலைக்காகக் கிடைத்த ரொக்கம் எல்லாம் கூட்டப்பட வேண்டும். அடிப்படைக் கூலி மட்டும் போதாது. எடைக்கும் விலைக்கும் ஏற்பக் கிடைத்த கூடுதல் கூலியும் சம்பளமே. வீடு, தண்ணீர், விளக்கு ஆகியவற்றின் மதிப்பும், முதலாளி கட்டும் சேம நிதிப் பங்கும், பயணப்படியும், வருஷ போனசும் இந்தக் கணக்கில் சேராது. இதையும் சொல்லிவிடுகிறேன், ஆபீசில் போய்ச் சேராததைக் கேட்டு வாதாடினால் சேர்ந்ததையும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

பணம் எப்போது வரவேண்டும்? வேலை முடிந்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள். மேலே சொன்ன ஏப்ரல் 27 உதாரணத்தில் மே 4-க்குள். "நிலம் விற்ற பணம் இன்னும் வரவில்லை, பிறகு பார்ப்போம்" என்பது சட்டம் ஒப்புக்கொள்ளும் பதில் அல்ல. பணம் கொடுக்கும்போது அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் காட்டும் சீட்டும் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை வருஷம் போட்டிருக்கிறார்கள், ஒரு நாள் சம்பளம் எவ்வளவு போட்டிருக்கிறார்கள்? இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே பாதிக் கோளாறு தெரிந்துவிடும். கடைசி மாதச் சம்பளமும், எடுக்காமல் மீதமிருக்கும் வருஷ விடுமுறைக்கான பணமும் இதிலிருந்து தனி.

கணவன் மனைவி இருவரும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தால் இரண்டு கணக்கு. மனைவி பதினாறு வயதிலேயே வேலைக்கு வந்து, கணவர் திருமணத்துக்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்கு வந்தவராக இருக்கலாம். அப்படியானால் அம்மாவின் பணம்தான் பெரிய பணம். பிரசவ விடுப்பு எடுத்ததால் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தோட்டம் விற்கப்படும்போது இன்னொரு முடிச்சு இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உரிமை கைமாறிய ஏழு நாளுக்குள் புதிய முதலாளி உங்களை முன்பிருந்ததைவிடக் குறையாத நிபந்தனைகளோடு வேலையில் தொடரச் சொல்லி, நீங்கள் தகுந்த காரணமில்லாமல் மறுத்தால், வருஷப் பலன் கிடைக்காது. நீங்கள் ஒப்புக்கொண்டு தொடர்ந்தால் பழைய முதலாளியிடம் உழைத்த வருஷங்கள் அழிந்து போவதில்லை. புதியவர் கணக்கில் அவை அப்படியே சேர்ந்து ஓடும். பதினெட்டு வருஷம் பழைய கம்பெனி, இரண்டு வருஷம் புதிய கம்பெனி என்றால் உங்கள் சேவை இருபது வருஷம். புதியவர் ஏழு நாளுக்குள் அப்படி அழைக்காவிட்டால் உங்கள் வேலை முடிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்போது பழையவரும் புதியவரும் இருவருமே சேர்ந்தும் தனித்தனியாகவும் பணத்துக்குப் பொறுப்பு. "அவரைக் கேளுங்கள்" என்று ஒருவரும், "இவரைக் கேளுங்கள்" என்று மற்றவரும் கை காட்டும் விளையாட்டுக்கு இங்கே இடமில்லை. யாரிடம் பணம் இருக்கிறதோ அவரிடம் கேட்கலாம்.

வீடமைப்புக் கம்பெனி ஒன்று தோட்டத்தை வாங்குகிறது என்று வையுங்கள். அவர்களுக்குப் பால் வெட்ட ஆள் தேவையில்லை. ஆகவே தொடர்ந்து வேலை என்ற பேச்சே எழாது, பணம்தான் பேச்சு. ஆனால் சில இடங்களில் வேறு மாதிரி நடக்கிறது. விற்பனை நடப்பதற்கு முன்பே ஒரு காகிதத்தில், "என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன்" என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சடித்து, கூடவே ஆயிரமோ இரண்டாயிரமோ வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். தானாக விலகியவருக்கு வருஷப் பலன் இல்லை. நோட்டீஸ் பணமும் இல்லை. பதினெட்டு வருஷ உழைப்பை ஒரு பேனாவில் அழிக்கும் காகிதம் அது. படிக்கத் தெரியாத காகிதத்தில் அன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "வீட்டுக்குக் கொண்டு போய்க் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். கொடுக்க மறுத்தால் அந்தக் காகிதத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டு விஷயத்தையும் அதே காகிதத்தில் புகுத்துவது உண்டு. பணம் வாங்கியதாகப் போடும் கையெழுத்து, இத்தனாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்கிறேன் என்ற கையெழுத்தாகவும் ஆகிவிடும். வேலைப் பணம் வேறு, வீடு வேறு. இரண்டும் ஒரே தாளில் இருந்தால் தோட்டத்தார் எல்லோரும் கூடிப் பேசுவதற்கு முன் தொட வேண்டாம்.

வேறு தோட்டத்துக்கு மாற்றுகிறோம் என்பார்கள். கெடாவிலிருந்து பகாங்குக்கோ ஜொகூருக்கோ போகச் சொன்னால்? மாற்றலாம் என்று உங்கள் வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் போக மறுத்ததையே காரணமாக்கி வெறுங்கையோடு அனுப்ப முடியாது. அதுவும் நோட்டீஸ் கொடுக்க வேண்டிய வகையில் ஒன்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வயதான பெற்றோர், தூரம் இவையெல்லாம் நியாயமான காரணமா என்று தகராறு வந்தால் தொழிலாளர் இலாகா விசாரித்துத் தீர்மானிக்கும்.

குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினோரு மாதம் வேலை; பிறகு ஒரு வாரம் "ஓய்வு"; மறுபடி புதிதாகப் பெயர் பதிவு. பன்னிரண்டு மாதம் நிறைந்தால் பணம் கொடுக்க வேண்டுமே என்பதற்காகச் செய்யும் வேலை இது. ஆனால் 1980 விதிகள் இதையும் யோசித்திருக்கின்றன. ஒரே முதலாளியிடம் இடையிடையே விட்டுவிட்டுச் செய்திருந்தாலும், இடைவெளிகளைக் கூட்டினால் முப்பது நாளுக்கு மேற்படாமலும், வேலைக் காலம் கூட்டினால் பன்னிரண்டு மாதத்துக்குக் குறையாமலும் இருந்தால் அது தொடர்ச்சியான வேலைதான். ஆகவே எந்தத் தேதியில் நிறுத்தினார்கள், எந்தத் தேதியில் மறுபடி எடுத்தார்கள் என்பதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நாட்காட்டியைப் புது வருஷத்தன்று தூக்கி எறியாதீர்கள்.

மூடாமலும் விற்காமலும், வேலை மட்டும் கொடுக்காமல் பட்டினி போடுகிற நிர்வாகமும் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. நாள் கூலி வாங்கும் தோட்டத் தொழிலாளருக்கு மாதம் 24 நாள் வேலை கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் கூலி கொடுக்க வேண்டும் என்பது நம் பெரியவர்கள் வாயில் மனப்பாடமாக இருக்கும் சட்டம். அதோடு, தொடர்ந்து வரும் நான்கு வாரத்தில் பன்னிரண்டு வேலை நாளுக்காவது வேலை கொடுக்காமல், வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் தராமல் இருந்தால், உங்களை 'நிறுத்தி வைத்ததாக' 1980 விதிகள் கருதுகின்றன. அதற்கும் அதே பத்து, பதினைந்து, இருபது நாள் கணக்கில் பலன் உண்டு.

ஆட்குறைப்பு என்றால் யாரை முதலில் அனுப்புவது? ஒரே மாதிரி வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை முதலில் நிறுத்தாமல் உள்நாட்டுத் தொழிலாளரை நிறுத்தக் கூடாது என்று வேலைச் சட்டம் சொல்கிறது. வங்காளதேசத்துப் பையனோ இந்தோனேசியத் தம்பியோ நம்மைப் போலவே கடனை வாங்கிக்கொண்டு கடல் கடந்து வந்தவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, உங்களுக்கும் வேண்டாம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட நம்மவர்களைப் பினாங்குத் துறைமுகம் வழியாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1969-இல் வேலை பெர்மிட் முறை வந்தபோது சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் எத்தனையோ பேர் பிறந்த தோட்டத்தை விட்டுப் போனார்கள். வேண்டாதபோது வெளியே போ என்பது எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் சட்டத்தில் உள்ளது உள்ளபடி உங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதினேன்.

வயதானவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013 ஜூலை முதல் ஓய்வு பெறும் குறைந்தபட்ச வயது 60. "உனக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டதே, ஓய்வுதானே" என்று சொல்லி 57 வயதுக்காரரைப் பலன் இல்லாமல் அனுப்ப முடியாது. ஒழுங்கீனக் குற்றத்துக்காக முறைப்படி விசாரித்து நீக்கப்பட்டவருக்கு இந்தப் பலன் இல்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். உடலுழைப்பு அல்லாத வேலையில் மாதம் நாலாயிரம் வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்கும் இந்த விதிகள் பொருந்தா. அவருக்கு ஒப்பந்தமே துணை. அப்படிப்பட்ட வாசகர்கள் இந்தப் பக்கத்தை நம்பி இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்!

சங்க ஒப்பந்தம் உள்ள தோட்டமாக இருந்தால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தோட்டத் தலைவரைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் சட்டத்தைவிட நல்ல ஏற்பாடு இருந்தால் அதுவே செல்லும். சந்தா கட்டுகிறோம், இந்த நாளுக்காகத்தானே கட்டுகிறோம்? போய்க் கேட்பதில் தயக்கம் வேண்டாம். சங்கம் இல்லாத இடத்தில் தொழிலாளர் இலாகா. சுங்கை பட்டாணியிலேயே அலுவலகம் இருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்போகும் முதலாளி முப்பது நாள் முன்னதாக 'போராங் பி.கே.' என்ற பாரத்தை அங்கே கொடுத்திருக்க வேண்டும். "எங்கள் தோட்டம் பி.கே. பாரம் கொடுத்திருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டால், நீங்கள் விஷயம் தெரிந்துதான் வந்திருக்கிறீர்கள் என்று அதிகாரிக்கும் புரியும். பணம் குறைவாக வந்தாலும், வராமலே இருந்தாலும் அங்கே புகார் எழுதிக் கொடுங்கள். தொழிலாளர் நீதிமன்ற விசாரணைக்கு வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதில்லை. பத்துப் பேர் ஒரே குறையோடு போனால் பத்துப் பேரும் எழுதுங்கள். ஒருவரை முன்னால் தள்ளிவிட்டு ஒன்பது பேர் காப்பிக் கடையில் காத்திருக்க வேண்டாம்.

ஆட்குறைப்பு என்பதே பொய், தொழிற்சங்கத்தில் இருந்ததற்காக என்னை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள் என்று நினைக்கிறீர்களா? அது வேறு பாதை. வேலை போன நாளிலிருந்து அறுபது நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். அறுபத்தோராம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். முதலில் பணத்துக்கு அலைந்துவிட்டுப் பிறகு இதைப் பார்ப்போம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள்.

அதே அறுபது நாள் இன்னொரு இடத்திலும் வருகிறது. சம்பளச் சீட்டில் சொக்சோவுக்குப் பக்கத்தில் 'எஸ்.ஐ.பி.' என்று சில காசு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது 2018 முதல் நடப்பில் உள்ள வேலைக் காப்புறுதித் திட்டம். வேலை போனவருக்கு வேறு வேலை தேடும் காலத்தில் மாதாமாதம் பணம் தருவது. முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாவது நான்காவது மாதங்களில் 40, ஐந்தாவது ஆறாவது மாதங்களில் 30. ஆறு மாதத்துக்கு மேல் இல்லை. அதுவும் நீங்கள் கட்டிய சந்தாவைப் பொறுத்தது. முதலாளி கொடுக்கும் ஆட்குறைப்புப் பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது வந்தாலும் இது உண்டு. வேலை போன அறுபது நாளுக்குள் பெர்கேசோவிடம் மனுச் செய்ய வேண்டும். அங்கேயும் "தானாக விலகினேன்" என்ற அந்தக் காகிதம் குறுக்கே நிற்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

போகும்போது கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: அடையாள அட்டை, வேலை நீக்கக் கடிதம், பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். மூலத்தை எந்த ஆபீசிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

லயத்து வீடு, காலி செய்யும் தேதி, பள்ளிக்கூடத்தையும் கோயிலையும் என்ன செய்வது என்ற கேள்விகள் மிச்சமிருக்கின்றன. அவை ஒரு தனி இதழுக்குரிய விஷயம். இப்போதைக்கு, இந்தப் பக்கத்தைக் கிழித்துச் சம்பளச் சீட்டுகளோடு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் படிக்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.